வீட்டு பேட்டரிக்கு எந்த டாரிஃப்? ஸ்டாண்டிங் சார்ஜா, இரவு விலையா?

பிரிட்டனில் வீட்டுக்கு பேட்டரி வைக்க யோசிப்பவர்கள் முதலில் கேட்பது பேட்டரி விலையை. அடுத்த கேள்வி பெரும்பாலும் இது: "அந்த இரவு டாரிஃபில் ஸ்டாண்டிங் சார்ஜ் கூடவாமே?" இரவில் யூனிட் விலை குறையும் மின் கட்டணத் திட்டம்தான் இரவு டாரிஃப்; ஸ்டாண்டிங் சார்ஜ் என்பது நாள் கட்டணம். முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாளுக்கு நாலைந்து பென்ஸ் ஸ்டாண்டிங் சார்ஜ் கூடுகிறதே என்று நல்ல டாரிஃபை ஒதுக்கிவிட்டு, வருடத்துக்கு நூற்றுக்கணக்கான பவுண்டுகளை விட்டுவிடுகிறார்கள். எந்த வீட்டில் எது கணக்குக்கு வரும், எது வராது என்று போட்டுப் பார்க்கலாம். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து வீடுகளுக்குத்தான். வட அயர்லாந்தின் மின்சந்தையும் ஒழுங்குமுறை அமைப்பும் வேறு.

அந்த நாள் கட்டணம் எதற்கு?

ஒரு யூனிட் கூட எடுக்காவிட்டாலும் ஸ்டாண்டிங் சார்ஜ் தினமும் ஏறிக்கொண்டே இருக்கும். தெருக் கம்பிகளின் பராமரிப்பு, மீட்டர், மின் நிறுவனத்தின் நிர்வாகச் செலவு, சில அரசுத் திட்டங்களின் செலவு எல்லாம் அதில் அடக்கம். 2021-22ல் வரிசையாகத் திவாலான சிறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிய செலவும் அதில்தான் ஏற்றப்பட்டது. கம்பிச் செலவில் ஒரு பங்கை யூனிட் விலையிலிருந்து எடுத்து நாள் கட்டணத்தில் போட்டதும் அதே சமயத்தில்தான். இதனால் 2022 ஏப்ரலில் மின்சார ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு சுமார் 25 பென்ஸிலிருந்து 45 பென்ஸுக்குத் தாவியது.

2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை மின்சந்தையின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதித்த விலை உச்சவரம்பில், டைரக்ட் டெபிட்டில் கட்டுவோருக்கு நாடு முழுவதற்குமான சராசரி யூனிட் விலை 26.35 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 53.68 பென்ஸ். வருடம் முழுக்க இதே அளவு என்றால் ஸ்டாண்டிங் சார்ஜ் மட்டும் 196 பவுண்டு. லண்டனில் குறைவு, வட வேல்ஸ் மெர்சிசைட் பகுதியில் அதிகம். இந்த வித்தியாசம் பெரும்பாலும் நீங்கள் இருக்கும் பகுதியின் கம்பிச் செலவால் வருவது. நிறுவனத்தை மாற்றி அதிலிருந்து தப்ப முடியாது.

பேட்டரியாலும் இந்தக் கட்டணத்தில் ஒரு பைசா குறையாது. விலை குறைந்த நேரத்தில் மின்சாரத்தை வாங்கி வைத்து, விலை கூடிய நேரத்தில் எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆக, பேட்டரிக்கு வருமானம் தருவது இரண்டு விலைகளுக்கும் உள்ள இடைவெளி. ஒரே விலை டாரிஃபில், கூரையில் சோலாரும் இல்லாமல், பேட்டரி வைத்தால் நஷ்டம்தான். போட்டு எடுப்பதிலேயே பத்து சதவீதம் போய்விடும்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு நாளைக்குப் பத்து யூனிட் செலவாகும் வீடு. நள்ளிரவு பன்னிரண்டரை முதல் காலை ஐந்தரை வரை ஃபிரிட்ஜ், ரவுட்டர், அங்கங்கே எரியும் சிறு விளக்குகள் எல்லாம் சேர்த்து ஒன்றரை யூனிட். மீதி எட்டரை யூனிட் பகலிலும் மாலையிலும். உச்சவரம்பு விலையில் இந்த வீட்டின் ஒரு நாள் செலவு ஸ்டாண்டிங் சார்ஜோடு 317 பென்ஸ்.

இதே வீட்டை ஓர் இரவு டாரிஃபுக்கு மாற்றுவோம். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: இரவு ஐந்து மணி நேரம் 8.5 பென்ஸ், மற்ற நேரம் 29 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் 58 பென்ஸ். பேட்டரி இல்லாமல் மாறினால் நாள் செலவு? அதே 317 பென்ஸ். இரவில் மிச்சமானதைப் பகல் விலையும் கூடுதல் ஸ்டாண்டிங் சார்ஜும் தின்றுவிடுகின்றன. இரவில் சார்ஜ் செய்ய காரோ, இரவில் ஓடும் வேறு பெரிய சாதனமோ இல்லாத வீட்டுக்கு டாரிஃப் மாற்றம் மட்டும் எதையும் தராது.

இப்போது ஐந்து யூனிட் தரக்கூடிய பேட்டரி ஒன்றைச் சேர்ப்போம். பத்து சதவீத இழப்பைச் சேர்த்தால் அதை நிரப்ப இரவில் 5.56 யூனிட் வாங்க வேண்டும். நாள் செலவு 219 பென்ஸுக்கு இறங்கும். வருடத்துக்கு 357 பவுண்டு மிச்சம். எட்டரை யூனிட் பேட்டரி என்றால் பகல் தேவை முழுக்க இரவு மின்சாரத்தில் ஓடும். நாள் செலவு 151 பென்ஸ், வருட மிச்சம் 606 பவுண்டு.

ஸ்டாண்டிங் சார்ஜ் எங்கே நிற்கிறது என்று இதிலேயே பார்க்கலாம். உச்சவரம்பைவிட அது 4.32 பென்ஸ் கூட. வருடத்துக்கு 16 பவுண்டு. பெரிய பேட்டரி வைத்த வீடு இரவில் வாங்குவது கிட்டத்தட்ட பதினொரு யூனிட். இரவு விலை ஒரே ஒரு பென்ஸ் ஏறினால் வருடத்துக்கு 40 பவுண்டு போகும். அதனால் இரண்டு இரவு டாரிஃப்களை ஒப்பிடும்போது நான் செய்வது இதுதான்: ஸ்டாண்டிங் சார்ஜ் வித்தியாசத்தை, இரவில் வாங்கப்போகும் யூனிட் எண்ணிக்கையால் வகுத்துவிடுவேன். இங்கே 4.32ஐ 11ஆல் வகுத்தால் 0.4 பென்ஸ். ஸ்டாண்டிங் சார்ஜ் கூடுதலாக உள்ள டாரிஃபின் இரவு விலை அரை பென்ஸ் குறைவாக இருந்தாலே அது ஜெயிக்கும்.

பகல் விலையின் கதை வேறு. பேட்டரி பகல் தேவை முழுவதையும் மூடினால் பகல் விலை 29 ஆனாலும் 35 ஆனாலும் கவலையில்லை. சின்ன பேட்டரிக்கு அப்படியில்லை. மூடப்படாத மூன்றரை யூனிட் முழுப் பகல் விலையில் போகும். பெரிய பேட்டரி இரவு விலையைப் பார்த்து டாரிஃப் தேட வேண்டும், சின்ன பேட்டரி பகல் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விற்க வருகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. 29லிருந்து 8.5ஐக் கழித்து, பேட்டரியின் முழு அளவால் பெருக்கி, 365ஆல் பெருக்கி ஒரு பெரிய தொகையைக் காட்டுவார்கள். இழப்பு அந்தத் தாளில் இருக்காது. நீங்கள் இப்போது எந்த டாரிஃபில் இருக்கிறீர்கள் என்பதும் இருக்காது.

தாளில் வராத ஒழுகல்

மேலே சொன்ன 606 பவுண்டு தாளில் வரும் எண். நிஜ வீட்டில் அது குறையும், முக்கியமாக பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரால். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, ஒரே நேரத்தில் எவ்வளவு வேகத்தில் வெளியே தர முடியும் என்பது வேறொன்று. வீடுகளில் வைக்கும் பல இன்வெர்ட்டர்கள் 3.6 கிலோவாட் அளவில் நிற்கும். மாலை ஆறரை மணி. அடுப்பில் குழம்பு, பக்கத்தில் ரைஸ் குக்கர், டீக்குக் கெட்டில். கெட்டில் மட்டுமே 3 கிலோவாட். மின்சார அடுப்பில் ஒரு தட்டு 2 கிலோவாட். குக்கர் இன்னொரு அரை, முக்கால் கிலோவாட். அந்த மூன்று நான்கு நிமிடத்துக்கு வீட்டின் தேவை 5.5 கிலோவாட்டைத் தாண்டும். பேட்டரி 3.6ஐத் தரும், மிச்சம் இரண்டு கிலோவாட் கிரிட்டிலிருந்து முழு விலையில் வரும். பேட்டரியில் 80 சதவீதம் இருந்தும் பயனில்லை.

கெட்டிலுக்கு இது சில்லறைக் காசு. மின்சார ஷவர் உள்ள வீட்டில் அப்படியில்லை. ஷவர் ஒன்பது, பத்து கிலோவாட் இழுக்கும். குடும்பத்தில் நாலு பேரும் காலை ஏழிலிருந்து எட்டுக்குள் குளித்தால், அந்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் பேட்டரியைத் தொடாமலேயே கிரிட்டிலிருந்து வரும். பகல் தேவையில் 15 சதவீதம் இப்படி ஒழுகினால் நம் கணக்கிலிருந்து வருடத்துக்கு 91 பவுண்டு போகிறது. ஸ்டாண்டிங் சார்ஜ் வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல்! ஐந்தரை மணிக்கு முன் எழுந்து குளிக்கச் சொல்லி வீட்டில் ஒருத்தரும் கேட்கப்போவதில்லை.

காரும் பேட்டரியும் சேர்ந்த வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின் அளவைப் பார்க்கும் கிளாம்ப் தப்பான இடத்தில் மாட்டப்பட்டால், கார் சார்ஜ் ஆவதையும் வீட்டுத் தேவை என்று நினைத்து பேட்டரி தன்னிடம் உள்ளதைக் காருக்குக் கொட்டிவிடும். காலையில் பேட்டரி காலியாக இருக்கும். மாட்டிய அன்றே காரைச் செருகி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டாரிஃப் வகைகள், ஒவ்வொன்றாக

எகானமி 7 பழையது, பலர் மறந்துவிட்டது. இரவில் ஏழு மணி நேரம் விலை குறைவு. கார் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, அதுதான் இதன் பலம். இரவு விலை அவ்வளவாக இறங்காது, அதுதான் பலவீனம். இரவு 15, பகல் 31, ஸ்டாண்டிங் சார்ஜ் 54 பென்ஸ் என்று வைத்து, ஏழு மணி நேரம் என்பதால் இரவிலேயே இரண்டு யூனிட் செலவழிக்கும் நம் வீட்டில் எட்டு யூனிட் பேட்டரியை ஓட்டினால் வருட மிச்சம் 365 பவுண்டு. பேட்டரி இல்லாவிட்டால் ஒரே விலை டாரிஃபைவிட நாளுக்கு 15 பென்ஸ் கூடுதல் செலவு. பழைய மீட்டர் உள்ளவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பல எகானமி 7 மீட்டர்கள் வருடம் முழுக்க கிரீன்விச் நேரத்திலேயே ஓடும். இன்வெர்ட்டரின் கடிகாரமோ கோடையில் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். 12:30க்குத் தொடங்கும் குறைந்த விலை கோடையில் 1:30க்குத்தான் தொடங்கும். இன்வெர்ட்டரை மாற்றி அமைக்காவிட்டால் தினமும் ஒரு மணி நேரம் பகல் விலையில் பேட்டரி நிரம்பும்.

கார் வைத்திருப்போருக்கான இரவு டாரிஃப்கள்தான் பேட்டரிக்கு அதிகம் தருபவை. ஆக்டோபஸ் என்ற மின் நிறுவனத்தின் ஆக்டோபஸ் கோ அதில் பரவலாகத் தெரிந்தது: 12:30 முதல் 5:30 வரை. இந்த வகையில் பலவற்றுக்கு மின்சாரக் கார் இருக்க வேண்டும் என்பது விதி. கார் இல்லாதவர்கள், கார் இருப்பதாகச் சொல்லிச் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்து வருடத்துக்கான கணக்கை, எப்போது வேண்டுமானாலும் பறிக்கக்கூடிய ஒரு டாரிஃபின் மேல் கட்டுவதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே கார் இருந்து இந்த டாரிஃபில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஸ்டாண்டிங் சார்ஜை எப்படியும் கட்டுகிறீர்கள், அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

அரை மணிக்கு ஒரு விலை மாறும் டாரிஃப்களுக்கு வேறு குணம் வேண்டும். ஆக்டோபஸ் அஜைல் அடுத்த நாளின் விலைகளை மாலை நான்கு மணி வாக்கில் வெளியிடும். மொத்தச் சந்தையைப் பின்தொடர்வதால் காற்று பலமாக வீசும் இரவில் விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். மாலை நாலிலிருந்து ஏழு வரை நன்றாக ஏறும். காற்றே இல்லாத குளிர்கால வாரத்தில் நாள் முழுக்க உயர்ந்தே நிற்கும். யூனிட்டுக்கு 100 பென்ஸ் என்பது அதன் மேல் எல்லை. இதற்குச் சின்ன பேட்டரியே போதும். அந்த மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் விலையைப் பார்த்துத் தானாகச் சார்ஜ் செய்யும் மென்பொருள் வேண்டும். தினமும் ஆப்பைத் திறந்து கையால் அமைக்கிற உற்சாகம் இரண்டாவது மாதம் தாண்டாது.

சோலாரும் பேட்டரியும் உள்ளவர்களுக்கு ஆக்டோபஸ் ஃப்ளக்ஸ் போன்றவை. அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை வாங்கும் விலை குறைவு, மாலை நாலிலிருந்து ஏழு வரை விற்கும் விலை அதிகம். கோடையில் நன்றாக இருக்கும். குளிர்காலத்தில் மூன்று மணி நேரத்துக்குள் ஒன்பது யூனிட்டுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் பேட்டரி மணிக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் வாங்க வேண்டும். சில சின்ன பேட்டரிகளால் அது முடியாது.

இரவில் வாங்கி மாலையில் விற்கலாமா?

இதில் பலருக்கு ஆசை உண்டு. 8.5 பென்ஸுக்கு வாங்கியது இழப்புக்குப் பிறகு 9.4 ஆகும். 15 பென்ஸுக்கு விற்றால் யூனிட்டுக்கு 5.6 லாபம் போலத் தெரியும். பேட்டரியின் தேய்மானத்தையும் போட்டுப் பாருங்கள். 4,000 பவுண்டு பேட்டரி, உத்தரவாதக் காலமான பத்து வருடமும் தினமும் எட்டரை யூனிட் தந்தால், யூனிட்டுக்கு 12.9 பென்ஸ் பேட்டரி விலையே ஆகிறது. சொந்த வீட்டுக்குத் தரும் ஒவ்வொரு யூனிட்டும் 19.6 பென்ஸ் மிச்சப்படுத்துகிறது, அது இந்தச் செலவைத் தாங்கும். 5.6 தாங்காது. சும்மா கிடக்கிற பேட்டரியும் வயதாகத்தான் போகிறது என்று சிலர் வாதிடுவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் உத்தரவாதம் சுழற்சி எண்ணிக்கையிலோ மொத்த யூனிட்டிலோ கட்டுப்பட்டிருந்தால் அந்த வாதம் நிற்காது.

இன்னொரு சிக்கல்: 2020 ஜனவரி முதல் பெரிய நிறுவனங்கள் தர வேண்டிய ஏற்றுமதிக் கட்டணம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு உரியது. கிரிட்டிலிருந்து ஏற்றி விற்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் வேறு விதி வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

ஸ்டாண்டிங் சார்ஜ் உண்மையிலேயே கடிக்கும் வீடுகள்

ஒரு நாளைக்கு நாலு யூனிட் மட்டும் செலவழிக்கும் சின்ன ஃபிளாட். உச்சவரம்பு விலையில் 159 பென்ஸில் 54 பென்ஸ் ஸ்டாண்டிங் சார்ஜ், மூன்றில் ஒரு பங்கு. பேட்டரியும் இரவு டாரிஃபும் வைத்தால் வருடத்துக்கு 234 பவுண்டு மிச்சமாகலாம். ஆனால் மூவாயிரம் பவுண்டு பேட்டரி என்றால் போட்ட காசு திரும்பப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். அந்த வீட்டுக்கு பேட்டரியே வேண்டாம். ஸ்டாண்டிங் சார்ஜ் குறைந்த டாரிஃப் கிடைத்தால் அதுதான் பொருத்தம்.

சோலாரும் பெரிய பேட்டரியும் உள்ள வீடு இன்னொன்று. மே முதல் ஆகஸ்ட் வரை கிரிட்டிலிருந்து வருவது அனேகமாக ஒன்றுமில்லை. பில்லில் ஸ்டாண்டிங் சார்ஜ் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து எரிச்சலடைந்து நாள் கட்டணம் இல்லாத டாரிஃபுக்குப் போகத் தோன்றும். கோடைக்கு அது சரி. டிசம்பரில் பத்து யூனிட்டுக்கு இரவு விலை இல்லாமல் முழு விலை கொடுக்கும்போது நாலு மாத மிச்சம் சில வாரங்களில் கரையும். வெளியேறும் கட்டணம் இல்லாத டாரிஃப்களாகப் பார்த்து வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று மாறிக்கொள்வது நடக்கக்கூடியதே. இப்போது நிறுவன மாற்றம் ஐந்து வேலை நாட்களில் முடிகிறது. வருடத்துக்கு இரண்டு முறை அந்த வேலையைச் செய்யும் பொறுமை உங்களுக்கு உண்டா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

விலை இறங்கினால் பேட்டரி வீணாகுமா என்றும் கேட்கிறார்கள். 2025 நவம்பர் பட்ஜெட்டில், பழைய புதுப்பிக்கத்தக்க மின்திட்டச் செலவில் வீடுகள் சுமந்ததில் 75 சதவீதத்தை 2026 ஏப்ரலிலிருந்து அரசே ஏற்பதாக அறிவித்தார்கள். அது யூனிட் விலையைக் குறைக்கும். ஆனால் இந்தச் செலவு பகல் யூனிட்டுக்கும் இரவு யூனிட்டுக்கும் ஒரே அளவில் ஏற்றப்பட்டது. இரண்டும் ஒரே அளவு இறங்கினால் இடைவெளி அப்படியே இருக்கும், பேட்டரிக்குச் சேதமில்லை. பகலில் மட்டும் இறக்கி இரவு விலையைத் தொடாத நிறுவனத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

என் தேர்வு

மின்சாரக் கார் உள்ள வீடு, பகல் தேவை எட்டு யூனிட்டுக்கு மேல்: தயங்காமல் இரவு டாரிஃபும் பகல் தேவையை முழுக்க மூடும் பேட்டரியும். 4,000 பவுண்டு செலவுக்கு, ஒழுகல் போக 515 பவுண்டு மிச்சம் என்றால் எட்டு வருடத்துக்குள் காசு திரும்பும். ஐந்து யூனிட் பேட்டரியை 3,000 பவுண்டுக்கு வாங்கினால் எட்டரை வருடம். பொருத்தும் கூலியும் இன்வெர்ட்டரும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் சின்னதில் அவ்வளவு சிக்கனம் இல்லை. பத்தாவது வருடத்தில் எத்தனை சதவீதக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் என்று பாருங்கள். 70 சதவீதம் என்றால் எட்டரை யூனிட் ஆறாகிவிடும், அதற்கேற்ப கொஞ்சம் பெரிதாக வாங்கலாம்.

கார் இல்லாத, சோலாரும் இல்லாத வீடு: எகானமி 7 அல்லது பேட்டரிக்கென்றே வந்திருக்கும் டாரிஃப்களில் ஒன்று கிடைக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பேட்டரியைப் பற்றியே பேச வேண்டும். டாரிஃபை உறுதி செய்யாமல் பெட்டியை வாங்கிச் சுவரில் மாட்டாதீர்கள். ஸ்மார்ட் மீட்டர் இல்லையென்றால் முதலில் அதைப் போடச் சொல்லுங்கள். அரை மணி வாரியான பயன்பாடு ஒரு குளிர்கால மாதத்துக்காவது கையில் இருந்தால் பேட்டரியின் அளவைத் தெரிந்தே வாங்கலாம்.

வரி விஷயத்தில் அவகாசம் இருக்கிறது. 2024 பிப்ரவரி 1 முதல், சோலார் இல்லாமல் பேட்டரி மட்டும் பொருத்தினாலும் வாட் வரி இல்லை. இந்தச் சலுகை 2027 மார்ச் 31 வரை. விலைப்புள்ளி கேட்கும்போது இன்வெர்ட்டரின் கிலோவாட்டைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு ஃபேஸுக்கு 3.68 கிலோவாட்டுக்குள் இருந்தால் பொருத்திய பிறகு 28 நாளுக்குள் கம்பி நிறுவனத்துக்குத் தெரிவித்தால் போதும். அதற்கு மேல் என்றால் முன் அனுமதி வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். மின்சார ஷவர் உள்ள வீட்டுக்கு அந்தக் காத்திருப்பு தகும் என்பேன். பெட்டியை எங்கே வைப்பது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். வீட்டு பேட்டரிகளின் தீப்பாதுகாப்புக்காக 2024ல் வந்த பாஸ் 63100 தரநிலை மாடப்பரணையும், தூங்கும் அறையையும், தீப்பிடித்தால் வெளியேறும் வழியையும் கூடாது என்கிறது. கராஜ் இல்லாத வீட்டுக்குப் பெரும்பாலும் வெளிச்சுவர்தான் மிச்சம்.